துளிக்குள் ஹைட்ராக்சில் எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேகத்துளிக்குள் கிளையாக்சால் என்ற கரிமச் சேர்மம் ஆக்சிஜனேற்றமடைந்து கிளையாக்சிலிக் அமிலமாகவும் பிறகு ஆக்சாலிக் அமிலமாகவும் மாறுவதைப் பைத்தானில் ஒரு சிறிய பெட்டி மாதிரியாக (எல்லாம் சீராகக் கலந்த ஒரே பெட்டி என்று கருதும் கணக்கு) எழுதியிருக்கிறேன். துளியின் ஆரம் 10 மைக்ரோமீட்டர், ஒரு கனமீட்டர் காற்றில் 0.3 கிராம் நீர், வெப்பநிலை 298 கெல்வின். காற்றில், ஆக்சிஜனேற்றம் செய்யும் ஹைட்ராக்சில் (OH) கன சென்டிமீட்டருக்கு 10⁶ மூலக்கூறுகள். ஹென்றி விதிப்படி (காற்றிலுள்ள வாயு நீரில் எவ்வளவு கரையும் என்று சொல்வது) துளிக்குள் அதன் செறிவைக் கணக்கிட்டு, மாறாமல் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கிளையாக்சால் 97 சதவீதம் தீர்ந்துவிடுகிறது. ஹைட்ராக்சிலையும் மாறும் அளவாகச் சேர்த்தால் செறிவுகள் எதிர்மறையாகின்றன. என் வினைப்பட்டியல் போதவில்லையா? கேப்ராம் போன்ற பெரிய வினைத்தொகுதிக்குப் போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரிய தொகுதிக்கு இப்போது போகவேண்டாம். நூற்றுக்கணக்கான வினைகளுக்குள் இதே பிழை ஒளிந்துகொள்ளும். பிறகு கண்டுபிடிப்பது கடினம். உங்கள் பட்டியலில் விடுபட்டிருப்பது ஒரே ஒரு வினைதான்.

ஹைட்ராக்சிலின் ஹென்றி மாறிலி வளிமண்டலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மோலார் (லிட்டருக்கு மோல்). நீங்கள் கொடுத்த அளவுக்குச் சமநிலைச் செறிவு 1.2×10⁻¹² மோலார் வரும். ஆனால் ஹைட்ராக்சில் துளிக்குள் சமநிலையை எட்டுவதே இல்லை. வந்த வேகத்தில் கரிமப் பொருள்களால் தின்னப்படுகிறது. அதன் செறிவைத் தீர்மானிப்பவை வரவும் செலவும்தான்.

வரவை முதலில் பார்ப்போம். வாயு துளிக்குள் நுழையும் வேகத்தைத் தரும் ஷ்வார்ட்ஸின் கடப்புக் கெழுவுக்கு இரண்டு தடைகளைக் கூட்ட வேண்டும். காற்றில் ஊடுபரவும் தடை: ஆரத்தின் வர்க்கத்தை, ஊடுபரவல் கெழுவின் மூன்று மடங்கால் வகுத்தால் கிடைப்பது. நீர்ப்பரப்பைக் கடக்கும் தடை: ஆரத்தின் நான்கு மடங்கை, மூலக்கூறின் சராசரி வேகம், ஏற்புக் கெழு (பரப்பில் மோதுபவற்றில் உள்ளே போகும் பங்கு) இரண்டின் பெருக்கலின் மூன்று மடங்கால் வகுத்தால் கிடைப்பது. ஊடுபரவல் கெழு 2×10⁻⁵ சதுர மீட்டர்/நொடி, வேகம் 609 மீட்டர்/நொடி, ஏற்புக் கெழு 0.05 என்று வைத்தால் கூட்டுத்தொகை 2.1 மைக்ரோநொடி. அதன் தலைகீழ், நொடிக்கு 4.8×10⁵. காற்றிலுள்ள 1.66×10⁻¹⁵ மோல்/லிட்டரை இதனால் பெருக்கினால், துளிக்குள் நொடிக்கு 8×10⁻¹⁰ மோலார் வந்து சேர்கிறது.

செலவில்தான் சறுக்கியிருக்கிறீர்கள். உண்மையான மேகநீரில் கிளையாக்சால் மட்டுமா இருக்கிறது? பெயர் தெரியாத கரைந்த கரிமப் பொருள்கள் ஏராளம். அவற்றை மொத்தமாக ஒரே செலவு வினையாக எழுதலாம். மேகநீர், மழைநீர் மாதிரிகளிலிருந்து கிடைத்த பொதுவான வேக மாறிலி, ஒரு மோல் கார்பனுக்கு 3.8×10⁸ லிட்டர்/நொடி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் கார்பன் என்றால் நொடிக்கு 6.3×10⁴. ஒரு ஹைட்ராக்சில் சராசரியாக 16 மைக்ரோநொடிதான் வாழ்கிறது. வரவைச் செலவால் வகுங்கள்: 1.3×10⁻¹⁴ மோலார். நீங்கள் நிலையாக வைத்திருந்த எண் இதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு பெரியது. கிளையாக்சால் ஹைட்ராக்சிலோடு வினைபுரியும் வேக மாறிலி 1.1×10⁹ என்பதால், நீரில் அதன் ஆயுள் 13 நிமிடத்திலிருந்து 19 மணி நேரமாகிவிடும். கால் பங்கு காற்றிலேயே இருப்பதையும் சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் 97 அல்ல, 4 சதவீதம்தான் தீரும்.

இதை இன்னொரு விதமாகவும் பாருங்கள். அந்தச் செறிவில் எந்த நொடியிலும் முப்பது துளிகளில் ஒன்றில்தான் ஒரே ஒரு ஹைட்ராக்சில் இருக்கும். அதுவும் பரப்பிலிருந்து 0.2 மைக்ரோமீட்டருக்குள்ளேயே வினைபுரிந்துவிடும். அப்படியானால் துளி முழுவதற்கும் சராசரி எடுப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. கரிம மூலக்கூறுகள் நொடியின் நூறில் ஒரு பங்கில் துளி முழுதும் கலந்துவிடுவதால் சராசரி போதும். பரப்பருகே செறிவு கூடி வரவு சற்றுக் குறைகிறது. இந்த எண்களுக்கு ஆறில் ஒரு பங்கு. காற்றிலுள்ள ஹைட்ராக்சிலை நிலையாக வைத்ததும் பெரிய பிழையல்ல, துளிகள் அதை உறிஞ்சும் வேகம் நொடிக்கு 0.14 மட்டுமே.

எதிர்மறைச் செறிவுகளுக்குக் காரணம் வேதியியல் அல்ல, தீர்வுநிரலின் அமைப்பு. பைத்தானின் சைப்பை நூலகத்திலுள்ள சால்வ்-ஐவிபி (solve_ivp) என்ற தீர்வுநிரல் தானாக எடுத்துக்கொள்ளும் தனிப்பிழை வரம்பு (இதற்குக் குறைவான பிழையைப் பொருட்படுத்தாத அளவு) 10⁻⁶. நீங்கள் மோலாரில் எழுதியிருந்தால், 10⁻¹⁴ அளவில் இருக்கும் ஹைட்ராக்சில் அதன் கண்ணுக்கே தெரியாது. அதன் இயல்பான ரூங்கே-குட்டா முறையும் இங்கே உதவாது: 16 மைக்ரோநொடி ஆயுளுள்ள பொருளுக்கு, ஒரு மணி நேரத்தைக் கடக்கவே சுமார் 7 கோடிப் படிகள் வேண்டும். இப்படி மிக வேகமும் மிக மெதுவும் கலந்த கணக்குகளுக்கான ராடாவ் (Radau) அல்லது பிடிஎஃப் (BDF) முறைக்கு மாற்றுங்கள். எல்லாப் பொருள்களையும், துளிக்குள் இருப்பவை உட்பட, ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு எத்தனை மூலக்கூறு என்ற அலகில் எழுதுங்கள். துளிக்குள்ளிருக்கும் ஹைட்ராக்சில் அப்போது ஏறக்குறைய 2 என்று வரும். வரம்பை 10⁻³ வைத்தால் போதும். மேகம் ஆவியாகி நீரளவு மாறும்போது செறிவுகளைத் திருத்தும் வேலையும் இந்த அலகில் தேவைப்படாது. எதிர்மறையான எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு மேலே போவதை மட்டும் செய்யாதீர்கள். இல்லாத பொருளை அது உருவாக்கும். கார்பன் டை ஆக்சைடையும் எண்ணி, மொத்தக் கார்பன் அணுக்கள் தொடக்கம் முதல் முடிவுவரை மாறாமல் நிற்கின்றனவா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் சரிபாருங்கள்.

அடுத்து ஃபார்மால்டிஹைடைச் சேர்க்கும்போது ஒரு பொறி உண்டு. அதன் உள்ளார்ந்த ஹென்றி மாறிலி சுமார் 2.5 தான். நீரேற்றச் சமநிலை 1,300 அளவில் இருப்பதால், நீரேறிய வடிவத்தையும் சேர்த்த பயன்படு மாறிலி 3,200 ஆகிறது. பயன்படு மாறிலியை எடுத்துக்கொண்டு நீரேற்ற வினையையும் தனியே எழுதினால் இரட்டைக் கணக்கு. கிளையாக்சாலுக்கு அட்டவணைகளில் காணும் 4×10⁵-உம் பயன்படு மாறிலியே. மேகம் 298 கெல்வினில் இருப்பதும் அரிது. 283 கெல்வினில் ஹைட்ரஜன் பெராக்சைடின் ஹென்றி மாறிலி ஏறத்தாழ மூன்றரை மடங்காகும்.

பிஎச்சையும் விடாதீர்கள். ஃபார்மேட் அயனி, ஃபார்மிக் அமிலத்தைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக ஹைட்ராக்சிலோடு வினைபுரிகிறது. இவ்விரண்டும் சமமாக இருக்கும் பிஎச் 3.75, மேகநீரில் சாதாரணமாகக் காணும் எல்லைக்குள்ளேயே வருகிறது.

கடைசியாக இரும்பு. இரும்பு(II) 10⁻⁶ மோலார், பெராக்சைடு 5×10⁻⁵ மோலார், வேக மாறிலி 60 என்றால் ஃபென்டன் வினை (இரும்பு(II) பெராக்சைடோடு வினைபுரிவது) நொடிக்கு 3×10⁻⁹ மோலார் ஹைட்ராக்சில் தரும். காற்றிலிருந்து வருவதைப் போல நான்கு மடங்கு. ஆனால் இரும்பு(III) ஆக்சலேட்டோடு அணைவுச் சேர்மமாகி, பகல் வெளிச்சத்தில் விரைவாகச் சிதைந்து அந்த ஆக்சலேட்டையே அழிக்கும். ஃபென்டனை மட்டும் எழுதி இந்த ஒளிச்சிதைவை விட்டுவிட்டால் ஆக்சாலிக் அமிலம் மிகையாக வரும். இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள், ஆனால் கார்பன் கணக்கு நேராகி, துளிக்குள் ஹைட்ராக்சில் 10⁻¹⁴ அருகே நின்ற பிறகு.

அன்புடன்
ஆசிரியர்