தமிழில் படித்துவிட்டு அமெரிக்க இலக்கியத்தில் கட்டுரை எழுதப் பழகியது எப்படி?

கேள்வி: பள்ளியில் தமிழ் மொழி மூலம் படித்தேன். இப்போது பட்டப்படிப்பில் அமெரிக்க இலக்கியம் ஒரு பாடம். வாசித்தால் விளங்குகிறது. ஆனால் கட்டுரை எழுதினால் புள்ளி வருவதில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்வீர்களா?

நான் திருகோணமலை. உயர்தரம் வரை தமிழில்தான் படித்தேன். இப்போது ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்து மூன்றாம் வருடம் படிக்கிறேன். முழுவதும் கடந்து வந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் நின்ற இடத்தில் இப்போது நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலாவது கட்டுரையில் எனக்குக் கிடைத்தது 41 புள்ளி. பிரெட்ரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுத்தறிவுக்கு உள்ள இடம் என்ன என்பது தலைப்பு. டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். நான் எங்கே தொடங்கினேன் தெரியுமா? 1492இல், கொலம்பஸின் கப்பலில். அங்கிருந்து 1776 சுதந்திரப் பிரகடனம், அடிமை வியாபாரம், பருத்தித் தோட்டம் என்று வந்து, டக்ளஸின் பெயரை எழுதும்போது மூன்றாம் பக்கம். நிறைய வாசித்து, இரவிரவாக விழித்து எழுதியது. மிஸ் அதைத் திருப்பித் தரும்போது மெதுவாகத்தான் கேட்டார்: “பிள்ளை, இந்த முதல் இரண்டு பக்கத்தையும் புத்தகத்தைத் திறக்காமலே எழுதலாம்தானே?”

அன்றிரவு அழுதேன். அடுத்த நாள் யோசித்துப் பார்த்தபோது அவர் கேட்டது சரி என்று பட்டது.

நாங்கள் பள்ளியில் கட்டுரை பழகிய விதம் வேறு. முன்னுரை என்றால் தலைப்புக்கு வெகு தூரத்தில் தொடங்க வேண்டும். ஒரு குறள், ஒரு பழமொழி. பிறகு பொருளுரையில் தெரிந்த எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். முடிவுரையில் “எனவே” என்று போட்டு எல்லோருக்கும் ஒரு புத்திமதி. அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. மேடைப் பேச்சுக்கும் விழா மலருக்கும் அது பொருந்தும். அங்கே கேட்பவர்களை ஓரிடத்துக்குக் கூட்டி வர வேண்டியிருக்கிறது. இலக்கியக் கட்டுரையை வாசிப்பவருக்கோ புத்தகமும் தெரியும், வரலாறும் தெரியும். நான் அந்தப் புத்தகத்தில் எதைக் கண்டேன் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அதைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

திருத்தி எழுத இரண்டு கிழமை கிடைத்தது. இந்த முறை வேறு எந்த நூலையும் தொடாமல் டக்ளஸை மட்டும் வாசித்தேன். பின்னேரங்களில் டச்பே கடற்கரைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்விடுவேன். ஏழாம் அத்தியாயத்தில் ஓர் இடத்தில் மனம் நின்றுவிட்டது. பால்ட்டிமோர் நகரத்தில் டக்ளஸ் சின்னப் பெடியன். வீட்டு எசமானி முதலில் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிறாள். கணவன் அதைக் கண்டு தடுத்துவிடுகிறான். அதன் பிறகு தெருவில் உள்ள ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்து, பதிலுக்கு வாசிப்புக் கற்கிறார். எழுதப் பழகியது கப்பல் கட்டும் தளத்தில். தச்சர்கள் மரத்தைச் செதுக்கி முடித்ததும் அது கப்பலின் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எழுத்துப் போட்டு வைப்பார்கள். இடப்பக்கத்துக்கு எல். வலப்பக்கத்துக்கு எஸ். இடப்பக்க முன்பகுதி என்றால் எல்.எஃப். அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் போடப் பழகி, பிறகு எழுதத் தெரிந்த பையன்களிடம் “உன்னைப்போல எனக்கும் எழுத வரும்” என்று போட்டிக்கு இழுத்து மற்ற எழுத்துகளையும் அவர்களிடமிருந்தே பிடித்துக்கொள்கிறார்.

இதை நான் மாமாவிடம் சொன்னேன். அவர் இளமையில் மரத்தில் வள்ளம் கட்டியவர். இப்போது பைபர் படகு திருத்துகிறார். ஒரு கதை சொல்வதுபோலத்தான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட கேள்விதான் என் கட்டுரையை மாற்றியது.

“தச்சன் அந்த எழுத்தை ஆருக்குப் போடுறான்?”

நான் முழித்தேன்.

“தூக்கிக்கொண்டு போறவனுக்குத்தானே. இது அணியத்துக்கு, இது பின்னுக்கு எண்டு தெரியட்டும் எண்டு. அந்தப் பெடியன் படிக்கட்டும் எண்டு இல்லையே.”

அந்த எழுத்துகள் மரத்துக்கு இடம் குறிப்பவை. இந்தத் துண்டு இன்ன இடத்துக்குச் சொந்தம் என்பது மட்டும்தான் அவற்றின் பொருள். அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினேன். டக்ளஸுக்குச் சொந்தக்காரனாக இருந்த பழைய எசமான் (பால்ட்டிமோர் வீட்டுக்காரன் அல்ல) இறந்த பிறகு சொத்துப் பிரிக்கிறார்கள். அடிமைகளான ஆண்களும் பெண்களும் குதிரை, ஆடு, பன்றிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தி விலை மதிக்கப்படுகிறார்கள். டக்ளஸையும் அதற்காகக் கூட்டிப் போகிறார்கள். முதல் வாசிப்பில் இவை இரண்டும் எனக்குத் தொடர்பில்லாத சம்பவங்கள். இப்போது பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. ஒரு பக்கத்தில் மரத்துக்கு இடம் குறிக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் மனிதருக்கு விலை குறிக்கிறார்கள். பொருளுக்குக் குறியிடும் எழுத்தை, பொருளாகக் கணக்கிடப்பட்ட ஒரு பிள்ளை தன் கைக்கு எடுத்துக்கொள்கிறான்.

அதுதான் கட்டுரை. “டக்ளஸ் எழுத்தறிவின் முக்கியத்துவத்தை எடுத்துரைக்கிறார்” என்பது என் பழைய மையக் கருத்து. யார் அதை மறுப்பார்கள்? மறுக்க முடியாத வாக்கியத்தை நிரூபிக்கவும் தேவையில்லை. புதிய கட்டுரையின் முதல் வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது: டக்ளஸ் முதலில் எழுதப் பழகிய எழுத்துகள் கல்விக்காக எழுதப்பட்டவை அல்ல, உடைமையை ஒழுங்குபடுத்த எழுதப்பட்டவை, அடுத்து வரும் விலை மதிப்பீட்டுக் காட்சியோடு சேர்த்து வாசித்தால்தான் அந்தப் பயிற்சியின் துணிச்சல் தெரியும். இதை ஒருவர் மறுக்கலாம். அத்தியாயங்கள் காலவரிசையால்தானே பக்கத்தில் வந்தன என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஒரு பந்தியில் பதில் சொன்னேன். கொலம்பஸ் வரவேயில்லை. 67 புள்ளி கிடைத்தது. அதைவிட, ஓரத்தில் மிஸ் பென்சிலால் “இதை நான் யோசித்திருக்கவில்லை” என்று எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது எந்தக் கட்டுரைக்கும் முதலில் தமிழில், பேச்சு மொழியில், வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பார்க்கிறேன். இலக்கியம் படித்தவராக இருக்கத் தேவையில்லை. அவர் “அதுக்கென்ன?” என்று கேட்டால் எனக்கு இன்னும் கருத்து இல்லை என்று அர்த்தம். “அது எப்படி?” என்று கேட்டால் எழுதத் தொடங்கலாம்.

அடுத்து எமிலி டிக்கின்சன். அங்கே நான் விட்ட பிழை வேறு மாதிரி. மரணம் ஒரு வண்டியில் வந்து தன்னை ஏற்றிச் செல்வதாக அவர் பாடிய கவிதை உங்கள் பாடத்திட்டத்திலும் இருக்கலாம். மரணம் அங்கே அன்போடு வண்டியை நிறுத்துகிறது. பயணம் அவசரமில்லாமல் பள்ளிக்கூடம், தானிய வயல், மறையும் சூரியன் என்று போகிறது. டிக்கின்சனின் மரணம் தொடக்கம் முதல் முடிவு வரை கனிவானது, அச்சம் என்பதே அங்கு இல்லை என்று நான் உறுதியாக எழுதினேன். மேற்கோள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் என்னிடம் இருந்த பழைய தொகுப்பில் அந்தக் கவிதையின் ஒரு செய்யுள், நாலு வரி, விடுபட்டிருந்தது.

டிக்கின்சன் 1886இல் இறந்தார். எழுதிய கவிதைகள் ஏறத்தாழ 1800. உயிரோடிருந்தபோது அச்சேறியவை பத்துப் பன்னிரண்டு இருக்கும். 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய சிறு கோடுகளை மாற்றி வழக்கமான நிறுத்தக்குறி போட்டார்கள். இந்தக் கவிதைக்கு அவர் வைக்காத ஒரு தலைப்பை வைத்தார்கள். நான்காவது செய்யுளை விட்டுவிட்டார்கள். 1955இல் தோமஸ் ஜோன்சன் பதிப்பித்தபோதுதான் கோடுகளும் செய்யுளும் திரும்ப வந்தன. விடுபட்ட அந்தச் செய்யுளில் என்ன இருக்கிறது? நாம் சூரியனைக் கடந்தோம் என்று சொன்னவள், இல்லை, சூரியன்தான் நம்மைக் கடந்து போனது என்று தன்னைத் திருத்திக்கொள்கிறாள். பனி இறங்குகிறது. உடம்பில் மெல்லிய ஆடை மட்டும். குளிர்கிறது. என் “தொடக்கம் முதல் முடிவு வரை கனிவு” அந்த நாலு வரியில் உடைந்துபோனது.

எங்கள் ஊர் பிரட்ரிக் கோட்டை வாசலால் எத்தனையோ தடவை கோணேசர் கோயிலுக்குப் போயிருக்கிறேன். அங்கே கல்லில் உடைந்து கிடக்கும் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் துண்டுகள் அவை. இல்லாத எழுத்துகளையும் சேர்த்துத்தான் அதை நாங்கள் வாசிக்கிறோம். கையில் உள்ள பிரதி முழுமையானதா என்று கேட்க வேண்டும் என்பது ஊரிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இப்போது எந்தக் கவிதை என்றாலும் யாருடைய பதிப்பு, எந்த வருடம் என்று முதலில் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். இணையத்தில் பகிரப்படும் பிரதிகளில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன.

நுணுகி வாசிப்பது ஏதோ வெளியிலிருந்து வந்த வித்தை என்று பயப்படவும் வேண்டாம். திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையை உயர்தரத்தில் பார்த்திருப்பீர்கள்தானே. ஓர் ஏகாரத்துக்கும் ஓர் உம்மைக்கும்கூட அது ஏன் அங்கே வந்தது என்று காரணம் சொல்வார். டிக்கின்சனின் ஒரு கோட்டுக்கு நான் செய்ய வேண்டியிருந்ததும் அதேதான். தமிழ்ப் பாடத்தில் செய்ததை ஆங்கிலப் பாடத்தில் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே ஒரு வருடம் எடுத்தது.

மொழி பற்றியும் கேட்பீர்கள். இலக்கணப் பிழையைவிட எனக்குப் பெரிய தொல்லை வாக்கியத்தின் நீளம். தமிழில் வந்து, பார்த்து, சொல்லி, போய் என்று எத்தனை வினையையும் கோர்த்துக் கடைசியில் ஒரு முற்று வைத்து முடிக்கலாம். அழகாகவும் இருக்கும். அதையே ஆங்கிலத்தில் செய்யும்போது என் வாக்கியங்கள் மூச்சுவிடாமல் ஓடின. அதற்கு நான் செய்த வைத்தியமும் டக்ளஸிடமிருந்து எடுத்ததுதான். பால்ட்டிமோர் வீட்டு எசமானின் மகன் பள்ளியில் எழுதி முடித்த கொப்பிகளில், வரிகளுக்கு இடையில் மிஞ்சிய இடத்தில் அவர் அதே எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகினார். நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, நாளுக்கு ஒரு பந்தி அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினைப் பார்த்து எழுதினேன். தந்தையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 1943 ஜூலை 29 அன்று தந்தை இறந்தார் என்று ஒரு வாக்கியம். அதே நாள், சில மணி நேரம் கழித்து, அவருடைய கடைசிப் பிள்ளை பிறந்தது என்று அடுத்தது. துக்கம் என்ற சொல்லே இல்லை. இரண்டு செய்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். மூன்று மாதம் கையால் எழுதிய பிறகு எங்கே நிறுத்துவது என்று என் கைக்கே கொஞ்சம் தெரிய வந்தது.

மேற்கோள் பற்றி ஒன்று. மேற்கோளை வைத்துவிட்டு “இதிலிருந்து தெரிகிறது” என்று அடுத்த பந்திக்குப் போகாதீர்கள். அதில் எந்தச் சொல் உங்களை நிறுத்தியது என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த மேற்கோள் வேண்டாம்.

கவிஞர் வால்ட் விட்மன் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனால் அவரைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லவில்லை.

எதில் தொடங்கலாம் என்றால் டக்ளஸில் தொடங்குங்கள். சின்னப் புத்தகம், குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நான் இப்போது அதன் கடைசி அத்தியாயத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1838 செப்டெம்பரில் டக்ளஸ் தப்பி வடக்கே நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறார். பால்ட்டிமோரில் அவர் பழகியிருந்த தொழில் கலப்பத்து. பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துத் தண்ணீர் புகாமல் பண்ணுகிற வேலை. அடிமை முறை இல்லாத அந்த ஊரிலும் வெள்ளைக்காரத் தொழிலாளிகள் அவரோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்துவிட்டார்கள். மரம் அறுத்து, கரி அள்ளி, கிடைத்த கூலி வேலையைச் செய்து பிழைத்தார்.

போன ஞாயிறு இதை மாமாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார்.

“கலப்பத்து தெரிஞ்சவனையா வேண்டாம் எண்டவங்கள்?”

ஓம் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். என் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறது.