சலங்கைக்கும் சிட்டி ஹாலுக்கும் நடுவில் ஒரு வேலை

அன்புள்ள சகோதரிக்கு,

நியூயார்க்கின் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் அரங்கேற்றம் முடித்த உங்கள் பெண், இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், கலை நிர்வாகம் படிக்கிறேன் என்கிறாள். "நாட்டியம் சோறு போடுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆடி மட்டும் பிழைப்பது கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அவள் கேட்பது மேடையை அல்ல, மேடைக்குப் பணம் வந்து சேரும் வழியில் ஒரு வேலையை.

நியூயார்க் நகராட்சியில் பண்பாட்டுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வருடத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவிடுகிறது. அமெரிக்காவில் வேறெந்த நகராட்சியும் கலைக்கு இவ்வளவு கொடுப்பதில்லை. அந்தப் பணம் போகிற இடமெல்லாம் ஆள் தேவை.

பெரும் பங்கு, நகரத்துக்குச் சொந்தமான இடங்களில் இயங்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. உங்கள் பக்கத்திலுள்ள குயின்ஸ் மியூசியம் அப்படி ஒன்று, 1939 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய கட்டடம். இத்தகைய இடங்களில் கரண்ட் பில், ஹீட்டிங், காவலாளி சம்பளத்தில் ஒரு பகுதி எல்லாம் நகரத்தின் கணக்கு. யாரும் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளாத செலவுகள், ஆனால் மியூசியத்தை மூழ்கடிப்பதும் இவைதான்.

அடுத்தது போட்டி போட்டு வாங்கும் நிதி. விண்ணப்பங்களை ஒரு குழு படித்து மதிப்பிடும். லாப நோக்கமற்றதாகப் பதிவான அமைப்புகளுக்கு மட்டுமே. இங்குள்ள நம் நாட்டியப் பள்ளிகள் பலவும் ஃபீஸ் வாங்கி நடத்தும் சொந்தத் தொழில்கள். டீச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கதவு திறக்காது. தனிக் கலைஞரும் நேராகக் கேட்க முடியாது, அந்தந்த பரோவின் (குயின்ஸ், புரூக்ளின் போன்ற நகரப் பகுதியின்) கலை அமைப்பு வழியாகத்தான் சிறு தொகை கிடைக்கும். இந்தச் சூட்சுமம் தெரிந்த, விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆளுக்குத்தான் கிராக்கி. முன்பு ஒரு நண்பரின் விண்ணப்பத்தைப் படித்தேன். பரதத்தின் தொன்மை பற்றி மூன்று பத்தி, ஹால் வாடகை எவ்வளவு, எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு வரி இல்லை. கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

1982இல் வந்த ஒரு சட்டமும் உண்டு: நகரத்தின் பணத்தில் எழும் தகுதியான கட்டடங்களின் பட்ஜெட்டில் ஒரு சதவீதம் கலைப்படைப்புக்கு. ஓவியரைத் தேர்ந்தெடுக்க, ஒப்பந்தம் போட, வேலை முடியும்வரை பின்னாலேயே ஓட ஆட்கள் வேண்டும்.

சரி, கெட்டதையும் சொல்கிறேன். சாஃப்ட்வேர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கும். அதற்கு முன் கலைக்கான பணத்தை மேயர் வெட்டுவார், நகர மன்றம் சண்டை போட்டு மீட்கும். இதற்கு ஊரில் 'பட்ஜெட் டான்ஸ்' என்றே பெயர். 2024 ஜூனில் பண்பாட்டு அமைப்புகளுக்கு 5.3 கோடி டாலர் இப்படித்தான் திரும்ப வந்தது. அதுவரை எத்தனை பேர் வேலை நிலைக்குமா என்று கவலையில் இருந்திருப்பார்கள்!

அதனால் என் யோசனை இது. இளங்கலையில் அக்கவுண்டிங் அல்லது பொது நிர்வாகம் எடுக்கட்டும். நகரப் பல்கலைக்கழகமான க்யூனியில் சேர்ந்தால், மாணவர்களைக் கலை நிறுவனங்களுக்குச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் அனுப்பும் 'கல்ச்சுரல் கோர்' திட்டத்துக்கு முயற்சி செய்யலாம். அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால், பரூக் கல்லூரியில் கலை நிர்வாகத்தில் முதுகலை இருக்கிறது. பிடிக்காமல் போனாலும் கணக்குப் படிப்பு கையில் இருக்கும்.

அப்புறம் ஒரு வேலை, உங்களுக்கு. மார்ச்சில் நகர மன்றத்தில் துறைவாரியாக பட்ஜெட் விசாரணை நடக்கும். பொதுமக்களும் போய் உட்காரலாம், பெயர் கொடுத்துவிட்டு ஓரிரு நிமிடம் பேசலாம். பண்பாட்டுத் துறை வரும் நாளில் மகளோடு போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.