ஜெராக்ஸ் கடை ஆதார், வெள்ளம் பார்த்த ஹார்டு டிஸ்க், கல்யாணப் பத்திரிகை ஏபிகே: வீட்டுக் கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

கேள்வி: ஆதார் நகல் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியின் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப் அனுப்பி, பாஸ்வேர்டையும் சொல்லிவிடுகிறோம். பிரிண்ட் வந்ததும் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் போதுமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: போதாது. பிரிண்ட் எடுக்க அவர் ஃபைலைத் திறந்த நொடியே அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு நகல் உட்கார்ந்துவிடும். நீங்கள் அழிப்பது வாட்ஸ்அப்பில் இருக்கும் மெசேஜை மட்டும்தான். அண்ணாச்சி நல்லவர்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பத்துப் பேர் பென்டிரைவ் சொருகுகிறார்கள். ஆன்டிவைரஸ் என்றைக்கோ காலாவதியாகியிருக்கும்.

பாஸ்வேர்டை நம்பியும் பயனில்லை. இ-ஆதாரின் பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒரே சூத்திரம்: பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த வருடம். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாரும் இரண்டு மூன்று முயற்சியில் திறந்துவிடலாம்.

செய்ய வேண்டியது இது. மைஆதார் தளத்தில் பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' பெட்டியை டிக் செய்யுங்கள். 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். அதை வீட்டிலோ நம்பகமான ஒரு பிரிண்டரிலோ ஒரே ஒரு முறை நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு கடைக்கு ஃபைல் போக வேண்டாம், தாள் போகட்டும். சின்ன ஜெராக்ஸ் மெஷினில் தாளை வைத்து எடுக்கும் நகல் டவுன்லோட்ஸில் தங்காது. கையில் வரும் நகலின் குறுக்கே எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிவிடுங்கள். முகமும் பெயரும் மறையாமல் இருந்தால் சரி. முழு எண்ணுள்ள நகல்தான் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு. அங்கே மட்டும் அதைக் கொடுங்கள்.

இன்னொன்று, கைரேகை. ஓடிபி இல்லாமலே விரல் வைத்துப் பணம் எடுக்கும் வசதி ஆதாரில் இருக்கிறது. ஆகவே ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பது நல்லது. ஆனால் பூட்டிவிட்டு ரேஷன் கடையில் விரல் வைத்தால் 330 என்ற பிழை வரும், கடைக்காரர் மெஷினைத் திட்டுவார். வரிசையில் நிற்கும்போதே ஆப்பில் தற்காலிகமாகத் திறந்துவிடுங்கள். சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். வீட்டில் ரேஷன் வாங்கப் போவது ஆச்சி என்றால் அவர்களுடையதைப் பூட்டும் முன் யோசியுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு சிபியு முழுகிவிட்டது. அன்றிலிருந்து பரணில் கிடக்கிறது. அதில் 15 வருட போட்டோக்கள். இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது, ஆன் செய்து பார்க்கலாமா? (திருநெல்வேலி ஜங்ஷன் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி வீட்டுக்குள் கொண்டுவந்தது வெறும் தண்ணீர் இல்லை, வண்டலும் சாக்கடையும் சேர்ந்தது. ஹார்டு டிஸ்க்கின் மூடியில் காற்று போய்வர ஊசித் துளை ஒன்று இருக்கும், பக்கத்திலேயே 'மூடாதே' என்று அச்சடித்திருப்பார்கள். தண்ணீர் அது வழியே உள்ளே போயிருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் வண்டல் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். டிஸ்க் சுழலும்போது ஹெட் (டேட்டாவைப் படித்து எழுதும் முனை), தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. வண்டல் துகள் அதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. கரண்ட் கொடுத்த சில நொடியில் ஹெட் தட்டைக் கீறும். கீறிய இடத்தில் இருந்த போட்டோ உலகத்தில் எந்த ஆய்வகத்துக்கும் கிடைக்காது.

அடியில் இருக்கும் பச்சை போர்டை மட்டும் அதே மாடலில் வாங்கி மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அந்த போர்டின் ஒரு சிப்பில் பதிந்திருக்கும். அதை எடுத்துப் புதிய போர்டில் சால்டர் செய்யாமல் போர்டை மாற்றினால் டிஸ்க் பெரும்பாலும் எழுந்திருக்காது. தவிர, உங்கள் பிரச்சினை போர்டில் இல்லை, உள்ளே இருக்கிறது. வீட்டில் மூடியைத் திறக்கவும் கூடாது.

இனி டேட்டா மீட்பு ஆய்வகம் ஒன்றுதான் வழி. தூசியில்லா அறை வைத்திருக்கிறார்களா, டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, பணம் வாங்கும் முன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா என்று மூன்றையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். செலவு அதிகம். அதனால் முதலில் வேறு இடங்களைத் துழாவுங்கள்: சொந்தக்காரர்களின் பழைய போன்கள், கல்யாண ஸ்டுடியோ, மும்பையில் இருக்கும் மைனிக்கு என்றைக்கோ அனுப்பிய இமெயில், கூகுள் போட்டோஸ். பாதி அங்கேயே கிடைத்தால் மீதிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று தெளிவாகத் தெரியும்.

அடுத்த மழைக்காக ஒரு விஷயம். நனைந்த டிஸ்க்கைக் காய வைக்காதீர்கள். அரிசிப் பானை, ஹேர் டிரையர், வெயில் எதுவும் வேண்டாம். ஈரத்துணியில் சுற்றி, ஜிப் கவரில் அடைத்து, அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஈரமாக இருக்கும்வரை வண்டலைக் கழுவி எடுக்க முடியும். பென்டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் வேறு ரகம், அவற்றில் சுழலும் பாகமே கிடையாது. பெட்டியைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷால் தடவி, நிழலில் இரண்டு நாள் உலர விட்டுப் பிறகு சொருகலாம். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். சிபியுவில் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸை (கரண்ட் கொடுக்கும் பெட்டியை) மட்டும் திறக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: 2017-ல் வாங்கிய ஐ3 லேப்டாப், 7-ஆம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம். கடையில் விண்டோஸ் 11 போட்டால் சரியாகும் என்கிறார்கள். (வள்ளியூர் வாசகர்)

பதில்: ஆகாது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்களுடையதில் குறுக்கு வழியில்தான் போட முடியும், வேகமும் அதிகரிக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் பாருங்கள். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான்.

வாங்க வேண்டியவை: 2.5 அங்குல, 7 மி.மீ. தடிமனுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி. 480 ஜிபி, ஒரு 8 ஜிபி ரேம், பழைய டிஸ்க்கை வெளியே இணைக்க ஒரு சாட்டா-யுஎஸ்பி கேபிள். ரேம் வாங்கும் முன் பழைய ரேமின் லேபிளில் டிடிஆர்4-ஆ டிடிஆர்3எல்-ஆ என்று பாருங்கள், ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. எம்.2 ஸ்லாட் (எஸ்.எஸ்.டி.யை நேரே மதர்போர்டில் சொருகும் இடம்) இருந்தாலும் உடனே என்விஎம்இ என்ற வேகமான ரகத்தை வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்து லேப்டாப் சிலவற்றில் அந்த ஸ்லாட் சாட்டா ரகத்தை மட்டுமே ஏற்கும்.

குளோன் செய்ய (பழைய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு நகலெடுக்க) நினைத்தால் ஒரு சிக்கல்: குளோன்சில்லா போன்ற மென்பொருள் வழக்கமான முறையில், சேரும் டிஸ்க் பெரியதாகவோ சமமாகவோ இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். 1 டிபி-யிலிருந்து 480-க்கு வராது. புதிதாக நிறுவுவதே சுத்தம். 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 10-ஐ இறக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே டிஸ்க்கை மாற்றி, நிறுவுங்கள். லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, கீ கேட்கும்போது 'என்னிடம் இல்லை' என்று தாண்டிவிட்டால் இணையம் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். பழைய டிஸ்க்கைக் கேபிளில் மாட்டி ஃபைல்களை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் எதையும் அழிக்காமல் அப்படியே அலமாரியில் வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங் செய்வீர்கள் என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள், தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். டேலி கணக்கு மென்பொருள் ஓட்ட வேண்டும் என்றால் புது மெஷின் பாருங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: சர்வீஸிலிருந்து வந்த லேப்டாப் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். (வீரவநல்லூர் வாசகி)

பதில்: அது பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடும் பூட்டு. மதர்போர்டை மாற்றினாலோ பயாஸை அப்டேட் செய்தாலோ இப்படிக் கேட்கும். வேறு போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரெகவரி கீ இருக்கிறதா பாருங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் பொருந்த வேண்டும். உங்கள் கணக்கில் இல்லையென்றால், லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் தன் இமெயிலையோ உங்கள் மகனின் இமெயிலையோ போட்டுத் தொடங்கினானா என்று யோசியுங்கள். நம் ஊரில் அடிக்கடி நடப்பது அதுதான். கீ எங்குமே இல்லையென்றால் டேட்டா போனதுதான். உடைத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர் பொய் சொல்கிறார். ஃபார்மட்டுக்குச் சம்மதிப்பது அதற்குப் பிறகு.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அப்பா அமுக்கிவிட்டார். ஏதோ இன்ஸ்டால் ஆனது, ஐகானைக் காணோம். (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோ இருக்கும். பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஆப். உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைக் கடத்துவதுதான் அதன் வேலை. இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் ஏரோபிளேன் மோடு, வைஃபையும் அணைக்க வேண்டும். சிம்மைக் கழற்றி வேறொரு சுத்தமான போனில் போடுங்கள். அந்தப் போனிலிருந்து வங்கிக்கு அழைத்து யுபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அப்போதே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதே சிம்மில் *#21# அடித்து அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் ##002# அடித்து ரத்து செய்யுங்கள்.

பிறகு பாதிக்கப்பட்ட போனை சேஃப் மோடில் (நாம் போட்ட ஆப்கள் ஓடாத நிலையில்) திறந்து, 'டிவைஸ் அட்மின்' பட்டியலிலும் அக்சஸிபிலிட்டியிலும் தெரியாத பெயர் இருந்தால் அனுமதியை நீக்கிவிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அனுமதியை நீக்காமல் அன்இன்ஸ்டால் பட்டன் வேலை செய்யாது. அதோடு நிறுத்தாமல், போட்டோக்களை மட்டும் கேபிள் வழியே எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதே என் யோசனை. ஜிமெயில் பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றி, வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, டூ-ஸ்டெப் பின் 6 இலக்கம் போடுங்கள். குடும்பக் குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அப்பாவின் எண்ணிலிருந்து அதே பத்திரிகை எல்லோருக்கும் போயிருக்கலாம். கடைசியாக, செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' பட்டியலில் வாட்ஸ்அப்பை அணைத்து வையுங்கள்.

கேள்வி: இடி இடித்தால் மோடம் போய்விடுகிறது. ஸ்பைக் பஸ்டர் வைத்தும் பலன் இல்லை. கம்ப்யூட்டருக்குள் செம்மண் வேறு. (திசையன்விளை வாசகர்)

பதில்: ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் பாகம் இடியின் மின் அதிர்ச்சியைப் பெரும்பாலும் எர்த்துக்குத் தள்ளித்தான் காப்பாற்றும். வீட்டில் எர்த் கம்பி வறண்ட மணலில் நின்றால் அது கிட்டத்தட்ட வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதியுங்கள். ஃபைபர் கண்ணாடி மின்சாரம் கடத்தாது, ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஒயரைத் தாங்க ஓடும் இரும்புக் கம்பி கடத்தும். அதை வெளிச்சுவர்க் கொக்கியிலேயே நிறுத்தி வெட்டியிருக்கிறார்களா பாருங்கள். இடி வரும்போது பிளக்கோடு லேன் கேபிளையும் உருவுங்கள். மோடத்துக்கு மினி யுபிஎஸ் வாங்கினால் அடாப்டரில் இருக்கும் வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

தேரி மண்ணுக்கு: ஆடிக்காற்று முடிந்ததும் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புளோயர் அடியுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும்; காற்றில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் தேயும்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் மிக மலிவாக வருகிறது. போட்டோ பேக்கப்புக்கு வாங்கலாமா? (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். உள்ளே 32 அல்லது 64 ஜிபி இருக்கும், பெயரை மட்டும் 2 டிபி என்று மாற்றியிருப்பார்கள். நிரம்பும்வரை ஒழுங்காக இருக்கும், அதன்பிறகு காப்பி ஆனது போலக் காட்டிவிட்டு எதையும் எழுதாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் 100 ஜிபி எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதவே ஒன்றரை மணி நேரம் ஆகும். பிழை காட்டினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள்.