எந்தக் கறி?

வணக்கம் அம்மா,

எங்கள் கோவிலின் காவடி அழைப்பிதழை, இங்கே மொரீஷியஸில் பேசும் கிரியோல் மொழியிலிருந்து தமிழில் எழுதித் தந்தேன். ‘பூசைக்குப் பின் ஏழு கறி பரிமாறப்படும்’ என்று போட்டிருந்தேன். சென்னையில் இருக்கும் உறவினர் அதைப் பார்த்துவிட்டு, ‘கோவிலில், அதுவும் விரத நாளில், கறியா?’ என்று பதறிப்போனார். அங்கே கறி என்றால் இறைச்சியாம். ஒரே சொல்லுக்கு இப்படிப் பல பொருள் இருப்பது தமிழின் குறையா? இனி ‘ஏழு வகை உணவு’ என்று எழுதிவிடட்டுமா?

வாசகர், காத்ர் போர்ன்

அன்புள்ள தம்பி,

வேண்டாம். ஏழு கறி என்றே எழுதுங்கள். மொரீஷியஸில் ஏழு கறியைக் கிரியோலில் ‘செட் காரி’ என்றால் தமிழ் தெரியாதவருக்கும் வாழையிலையும் பலாக்காயும் பூசணியும் ரசமும் கண்முன் வரும். ‘ஏழு வகை உணவு’ என்று போட்டால் அதில் நம் வீட்டு மணமே இருக்காது.

குறை தமிழுக்கு மட்டும் என்றால் பிரெஞ்சுக்கு என்ன சொல்வீர்கள்? அதில் அவோகா என்றால் வழக்கறிஞர், வெண்ணெய்ப்பழமும் அதே அவோகாதான். நம் கிரியோல் பழத்தை மட்டும் ‘ஸவோகா’ என்று பிரித்துக்கொண்டது. பிரிக்காத பிரெஞ்சுக்காரரும் சந்தையில் திண்டாடுவதில்லை.

பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெளிவது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே சொல்கிறது: கூட வரும் வினை, இனம், சார்பு. மா பூத்தது என்றால் மரம், மா கனைத்தது என்றால் குதிரை. இது எளிது. கறியைப் பாருங்கள். அகநானூறு 149ஆம் பாட்டில் யவனர் கப்பல்கள் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’. இன்றைய பழக்கத்தில் படித்து இதைக் குழம்பு என்றோ இறைச்சி என்றோ மொழிபெயர்த்தால் பாட்டே போச்சு. அங்கே கறி என்பது மிளகு. சேர நாட்டுத் துறை, கடல் வணிகம், விலையாக வந்த பொன் என்று சுற்றி நிற்பவை எல்லாம் மிளகைத்தான் காட்டுகின்றன. இந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உங்கள் உறவினர் மீதும் தப்பில்லை. கோவில், விரதம் என்ற சார்பைக் கவனித்ததால்தான் அவர் பதறினார். ஆனால் தனியே நிற்கும் கறிக்கு அவர் ஊரில் இறைச்சி என்ற பொருள்தான் முதலில் வரும். காவடி முடிந்து நாம் பந்தியில் உட்காரும் காட்சி அவருக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பியபோது சொல் கடல் தாண்டிவிட்டது, அந்தப் பந்தி இங்கேயே நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல் இதுதான். சொல்லை மாற்றிப் பயனில்லை, பந்தியையும் கூடவே அனுப்ப வேண்டும்.

அதற்கு இரண்டு சொல் போதும். ‘பூசை முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறியோடு சைவ விருந்து’ என்று போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன்பு சென்னை உறவினரிடமே ஒருமுறை காட்டிவிடுங்கள்.