விபத்து இழப்பீட்டை அண்ணனுக்குக் கடனாகக் கொடுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த விமானம் நொறுங்கியதில் பிழைத்த சிலரில் என் கணவரும் ஒருவர். கைகளில் தீக்காயம், வேலைக்குப் போக முடியவில்லை. இடைக்கால இழப்பீடு 25 லட்சம் வந்திருக்கிறது. 15% வட்டியில் பர்சனல் லோன் 4 லட்சம் பாக்கி. வீட்டுச் செலவு, மருந்து, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து மாதம் 47,000. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த அவருடைய அண்ணன், கடை வைக்க 10 லட்சம் கேட்கிறார். ‘பெரிய தொகை வரத்தானே போகிறது’ என்கிறார். ஏஜென்ட் ஒருவர் யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) எடுக்கச் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. வராத பணத்தை நம்பிக் கையிலிருப்பதைக் கொடுப்பதுதான் இங்கே ஆபத்து. இந்த 25 லட்சம் தனி வரவு அல்ல, முன்பணம். சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, விமான நிறுவனம் இறுதித் தொகையில் இதைக் கழித்துக்கொள்ளலாம்.

இறுதித் தொகை எப்போது வரும்? 2010 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 8 பேர். இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 7.64 கோடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020-ல்.

லோனை உடனே அடைத்தால் மீதி 21 லட்சம். வருஷச் செலவு 5.64 லட்சம். 7% வட்டியில் சுமார் நாலேகால் வருஷம் தாங்கும். அண்ணனுக்கு 10 லட்சம் போனால் இரண்டே வருஷம்தான். அவர் ஆஸ்பத்திரியில் கைக்காசு செலவழித்திருந்தால் பில்லைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள், அது நியாயம். யூலிப் பேச்சே வேண்டாம்: ஐந்து வருஷம் பணத்தைத் தொட முடியாது, உங்களுக்கோ மாதாமாதம் வேண்டும். ஆறு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை வெவ்வேறு தேதியில் முதிரும் வைப்புகளாகப் பிரியுங்கள்.

‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ஒட்டு வைத்த தோல் மூட்டுகளில் இறுகி விரல் மடங்காமல் போனால் மறுபடி அறுவை சிகிச்சை வரும், அந்தச் செலவையும் நீங்கள் கேட்டாக வேண்டும். அந்த உடன்படிக்கை உடல் காயத்துக்குத்தான் இழப்பீடு தருகிறது. ஆகவே பில், சம்பளச் சீட்டு, மருத்துவ வாரியத்தின் ஊனச் சான்றிதழ் எல்லாம் தேதிவாரியாக ஒரே ஃபைலில் இருக்கட்டும். பேச்சுவார்த்தை இழுத்தாலும், விமானம் வந்து சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். தவறினால் உரிமையே போய்விடும்.

இன்னொன்று: காயம்பட்ட விரலால் அவர் கையெழுத்து மாறியிருக்கும், வங்கியில் செக் திரும்பும். இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்காக இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.