கட்டம் கட்டமா வருது சார்! – சிம்பல் சந்தேகங்கள்

இந்தத் தடவை வாசகர்கள்கிட்ட இருந்து வந்த லெட்டர்ல முக்காவாசி சிம்பல் கேள்விதான். அதுல பாதிப் பேர் எந்த சாஃப்ட்வேர், எந்த கீபோர்டு, லேப்டாப்பா டெஸ்க்டாப்பான்னு எழுதவே இல்ல. வயித்துவலின்னு மட்டும் துண்டுச்சீட்டுல எழுதி அனுப்பினா டாக்டர் என்ன மாத்திரை கொடுப்பாரு? எழுதாதவங்க எல்லாரும் விண்டோஸ்ல மைக்ரோசாஃப்ட் வேர்டு வச்சிருக்காங்கன்னு நானா எடுத்துக்கிட்டு சொல்றேன்.

கே: ரூபாய் சிம்பலுக்கு ஆல்ட் பிடிச்சுக்கிட்டு 8377 அடிக்கச் சொன்னாங்க. என் லேப்டாப்ல எத்தனை தடவை அடிச்சாலும் ஒன்னும் வரல. (ஈரோடு வாசகர்)

மேல் வரிசை நம்பர்ல அடிச்சிருப்பீங்க. ஆல்ட் கோட் எல்லாம் வலது பக்கம் தனியா இருக்கிற நம்பர் பேட்ல, நம் லாக் (Num Lock) ஆன்ல இருந்தாத்தான் வேலை செய்யும், சின்ன லேப்டாப்ல அந்தப் பேடே கிடையாது. உங்க கீபோர்டுல 4க்குப் பக்கத்துலயே ₹ அச்சடிச்சிருக்கும் பாருங்க. லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல இங்கிலீஷ் இந்தியா கீபோர்டை சேர்த்துட்டு வலது பக்க ஆல்ட்டும் 4ம் சேர்த்து அமுக்குங்க, வந்துரும். அதுவும் வேணாம்னா விண்டோஸ் கீயோட முற்றுப்புள்ளி கீயை அமுக்கினா இமோஜி பலகை வரும், அதுல சிம்பலுக்குன்னு ஒரு டேப் இருக்கு.

கே: அதே 8377 எனக்கு வேர்டுல ஒழுங்கா வருது, பில் போடுற சாஃப்ட்வேர்ல அடிச்சா ╣ இப்படி ஒரு கோடு வருது. வைரஸா?

வைரஸ் இல்ல, கணக்கு. அந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு 255 வரைக்கும்தான் எண்ணத் தெரியும், அதுக்கு மேல போனா 256 256ஆ கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு பார்க்கும், 8377ல மிச்சம் 185, விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்து எழுத்துப் பட்டியல்ல 185ங்கிறது அந்தக் கோடு. வேர்டுல ₹ அடிச்சு காப்பி பண்ணி அங்க ஒட்டிப் பாருங்க. ஒட்டினாலும் கட்டம்தான் வருதுன்னா அந்த சாஃப்ட்வேருக்கு யூனிகோடே (எல்லா மொழி எழுத்துக்கும் சிம்பலுக்கும் ஆளுக்கொரு நம்பர் கொடுக்கிற உலகப் பொதுப் பட்டியல்) தெரியாது, ரூ.ன்னு போட்டுட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

கே: 2011ல போட்ட கொட்டேஷனை இப்ப திறந்தா ரூபாய் இருக்கிற இடத்துல எல்லாம் சின்னதா ஒரு சாய்ஞ்ச கோடு நிக்குது. சிம்பல் எங்க போச்சு?

எங்கயும் போகல, அது எப்பவுமே அங்க இல்ல. ₹ சிம்பலை அரசாங்கம் ஏத்துக்கிட்டது 2010 ஜூலையில. வரைஞ்சவர் நம்ம உதயகுமார்தான். யூனிகோடுல அதுக்கு இடம் கிடைச்சது அதே வருஷம் அக்டோபர்ல, அப்புறம் அது ஒவ்வொரு கம்ப்யூட்டரா வந்து சேரவும் நாளாச்சு. நடுவுல பொறுக்க முடியாம ஆளாளுக்கு இறக்கிப் போட்ட ஃபான்ட்ல, 1க்கு இடது பக்கம் இருக்கிற கீயோட படத்தை அழிச்சுட்டு அங்க ரூபாயை வரைஞ்சு வச்சிருந்தாங்க. ஃபான்ட் இருந்த வரைக்கும் ரூபாய், ஃபான்ட் போனதும் கோடு. ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு அந்தக் கோட்டை உண்மையான ₹ ஆ மாத்திடுங்க. நான் தொண்டை வத்த சொல்றது இதுதான்: படத்தை நம்பாதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கிற நம்பரைப் பாருங்க. வேர்டுல எந்த எழுத்துக்குப் பின்னாடியும் கர்சரை வச்சு ஆல்ட்டும் எக்ஸும் அமுக்கினா அதோட யூனிகோட் நம்பர் வெளியில வரும், மறுபடி அமுக்கினா எழுத்தா திரும்பிடும்.

கே: கொஸ்டின் பேப்பர் டைப் பண்றேன். அடைப்புக்குறிக்குள்ள ஏ, பி ஒழுங்கா வருது, சி போட்டா மட்டும் © ஆயிடுது.

ஆட்டோகரெக்ட் வேலை. மாறின அடுத்த நொடியே கண்ட்ரோல் ஸெட் அடிச்சா நீங்க அடிச்சதே திரும்ப வரும். தினமும் கொஸ்டின் பேப்பர் அடிக்கிறவங்கன்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் அந்த ஒரு வரியை டெலீட் பண்ணிடுங்க. அதே பட்டியல்ல உங்களுக்கு வேணுங்கிறதையும் சேர்க்கலாம், ஸ்லாஷ் போட்டு ஆர்எஸ்னு அடிச்சா ₹ வர்ற மாதிரி நான் வச்சிருக்கேன்.

கே: டிகிரி சிம்பல்? அவசரம்.

ஆல்ட் 0176. முன்னாடி இருக்கிற சைபரை முழுங்கிட்டீங்கன்னா புள்ளி புள்ளியா ஒரு கட்டம் வரும், அப்புறம் எனக்கு இன்னொரு லெட்டர் போடாதீங்க. இங்கிலீஷ் ஓவை அடிச்சு மேல தூக்கி வைக்கிறதும் டிகிரி இல்ல, சிம்பல் பட்டியல்ல அதே மாதிரி இருக்கிற º வும் டிகிரி இல்ல.

கே: விழா மலர்ல ‘ஔவையார்’னு தேடினா இல்லைங்குது. கண்ணு முன்னாடி அந்தப் பேர் பத்து இடத்துல இருக்கு. வேர்டுல ஏதாவது கோளாறா? (தமிழாசிரியை, திருவாரூர்)

வேர்டுல ஒரு கோளாறும் இல்லம்மா. கேட்டீங்களே, இதுக்குத்தான் இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்.

அந்த ஃபைல்ல ‘ஔ’வுக்குப் பின்னாடி கர்சரை வச்சு பேக்ஸ்பேஸ் ஒரே ஒரு தடவை தட்டுங்க. மொத்த எழுத்தும் போச்சுன்னா அது உண்மையான ஔ. ‘ள’ மட்டும் போய் ‘ஒ’ நின்னுச்சுன்னா யாரோ ஒ, ள ரெண்டையும் தனித்தனியா அடிச்சு ஒட்டு போட்டிருக்காங்க. நீங்க தேடுறது ஒரு எழுத்து, அங்க இருக்கிறது ரெண்டு எழுத்து, எப்படிக் கிடைக்கும்? நம்ம கண்ணுக்கு ஔவையாரும் ஒளவையாரும் ஒன்னுதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டாவது ஆள் யாரோ ‘ஒ-ள-வையார்’.

பழக்கம் டைப்ரைட்டர்ல இருந்து வந்தது. அங்க ஒரு கீ மிச்சமாகும்னு ஒ அடிச்சு ள அடிப்பாங்க, அப்புறம் வந்த பாமினி மாதிரி பழைய ஃபான்ட்லயும் அதே கதைதான், ஔவுக்குன்னு தனி இடம் இல்ல. இப்பதான் இருக்கே! தமிழ்99 கீபோர்டுல ஸெட் கீயில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு, இங்கிலீஷ் எழுத்துல உச்சரிப்பை அடிக்கிற ஃபொனடிக்ல ஏயும் யூவும் சேர்த்து அடிச்சா வருது. ஆனாலும் முப்பது வருஷம் டைப் அடிச்ச கை கேக்க மாட்டேங்குது, அவங்ககிட்ட கத்துக்கிட்ட சின்னப் பசங்க கையும் கேக்க மாட்டேங்குது. மௌனம், கௌரி, சௌந்தரம், பௌர்ணமி எல்லாத்துக்கும் இதே கதிதான், ஒத்தைக் கொம்பு போட்டு பக்கத்துல ஒரு ‘ள’.

நானும் இதுல யோக்கியன் இல்ல. ஒரு அறக்கட்டளை மலருக்கு நன்கொடையாளர் பட்டியல் அடிச்சோம், சுமாரா 600 பேர். அகர வரிசைப்படுத்தினா கோவிந்தன்களுக்குப் பின்னாடி வரவேண்டிய கௌரிங்க எல்லாம் கேசவன்களுக்கு முன்னாடி போய் உக்காந்திருக்காங்க. பார்த்ததும் எனக்குக் கோபம், கொம்பும் ‘ள’வும் சேர்ந்து வர்ற எல்லா இடத்தையும் ஒரே அடியா ‘ௌ’வா மாத்துன்னு ரீப்ளேஸ் ஆல் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன். ராத்திரி பத்தரைக்கு போன். பட்டியல்ல இருந்த வெள்ளைச்சாமி அத்தனை பேரும் ‘வௌ்ளைச்சாமி’ ஆயிட்டாங்க, புள்ளி எங்கயோ அந்தரத்துல தொங்குது, வெள்ளகோவில்காரர் ஒருத்தருக்கு ஊரே மாறிடுச்சு. அச்சாகி வந்த 500 காப்பி. எங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். இன்னிக்கும் நெட்டுல ‘வௌியீடு’, ‘தௌிவு’ன்னு பார்த்தீங்கன்னா என்னை மாதிரி ஒருத்தர் ரீப்ளேஸ் ஆல் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிருக்காருன்னு அர்த்தம்.

அதனால நீங்க ‘ஒள’வை மொத்தமா ‘ஔ’ ஆக்காதீங்க, ஒளி, ஒளிவு எல்லாம் போயிடும். முழுச் சொல்லா கொடுங்க, ‘ஒளவை’யை ‘ஔவை’யா, ‘மெளன’த்தை ‘மௌன’மா, ‘கெளரி’யை ‘கௌரி’யா, ஒவ்வொன்னா. ரீப்ளேஸ் ஆல் பட்டன் பக்கம் மவுஸே போகக் கூடாது.

கே: ஸ்ரீரங்கம்னு தேடினாலும் பாதிதான் கிடைக்குது. இதுவும் ஔ கதைதானா?

தம்பி கதை. அந்த ஸ்ரீயை ஸ போட்டும் அடிக்கலாம், 2005ல யூனிகோடுக்கு வந்த ஶ போட்டும் அடிக்கலாம். பல ஃபான்ட்ல ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி தெரியும். ரெண்டு விதமாவும் தேடுங்க.

கே: தாத்தா காலத்துப் பத்திரத்தை அப்படியே டைப் பண்ணணும். வருஷம், மாசம், தேதிக்கெல்லாம் சுழிச்சு சுழிச்சு எழுதியிருக்கு. அதெல்லாம் கம்ப்யூட்டர்ல கிடைக்குமா?

நல்லாவே கிடைக்கும். வேர்டுல ஆல்ட் பிடிச்சு 3059 அடிச்சா நாள் ௳, 3060 மாதம் ௴, 3061 வருடம் ௵, 3062 பற்று ௶, 3063 வரவு ௷, 3064 மேற்படி ௸, 3065 பழைய ரூபாய் ௹, 3066 எண் ௺. மனப்பாடம் பண்ண வேணாம், இன்சர்ட், சிம்பல் போய் லதா ஃபான்டை எடுத்து தமிழ் பகுதிக்கு வந்தா கடைசி வரிசையில எல்லாம் நிக்கும். ஒரே எச்சரிக்கை, தமிழ் எண் ௧ பார்க்க க மாதிரியே இருக்கும், ஸ்டைலா இருக்குன்னு பேர்ல போட்டு வைக்காதீங்க, யார் தேடினாலும் கிடைக்க மாட்டீங்க.

கே: உழக்கு, பதக்கு, வேலி, முந்திரி இதுக்கெல்லாமும் சிம்பல் உண்டுன்னு படிச்சேன். எனக்குக் கட்டம்தான் வருது.

உண்டு. 2019ல யூனிகோட் 12ல சேர்த்தாங்க, பின்னம், அளவை, வராகன், நன்செய் புன்செய் எல்லாம் சேர்த்து 51. சாதாரணத் தமிழ் ஃபான்ட்ல அந்தப் படங்கள் இருக்காது, நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்னு கூகுள்ல இலவசமா கிடைக்குது, போட்டுக்குங்க. அடுத்தவங்களுக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க, வேர்டு ஃபைலாவே அனுப்பினா அவங்க கம்ப்யூட்டர்ல திரும்பவும் கட்டம்.

கே: பழைய ஃபைல்ல ஃபான்டை மாத்தினதும் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்துடுச்சு. தமிழ் அழிஞ்சு போச்சா சார்?

அழியல. பாமினியில டைப் பண்ணின ஃபைலா இருக்கும், அதுல மெய்யெழுத்துப் புள்ளி உக்காந்திருக்கிறது அரைப்புள்ளி கீயில. பாமினியை மறுபடி போட்டா தமிழ் தெரியும், ஆனா உள்ள இருக்கிறது அப்பவும் இங்கிலீஷ்தான். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்னுல கொடுத்து யூனிகோடுக்கு மாத்திக்குங்க. நடுவுல இங்கிலீஷ் வார்த்தை, ஈமெயில் ஐடி இருந்தா அதையும் தமிழ்னு நினைச்சு மாத்தித் தொலைக்கும், முன்னாடியே அதை எல்லாம் தனியா வெட்டி வச்சுக்குங்க. மாத்தினதும் ‘வௌ்ளி’ இருக்கான்னு தேடிப் பாருங்க. ஏன்னு மேல சொல்லியாச்சு.

கே: சிம்பல் வரல. என்ன செய்யணும்? உடனே பதில் தேவை.

எந்த சிம்பல்னு உடனே எழுதணும்.

கே: ஃபார்ம்ல டிக் மார்க் போட்டு அனுப்பினேன். ஆபீஸ்ல ஏதோ ரெண்டு புள்ளி வச்ச யூ மாதிரி இருக்குங்கிறாங்க.

எழுத்துக்குப் பதிலா படம் காட்டுற விங்டிங்ஸ் ஃபான்ட்ல போட்ட டிக். அது டிக்கே இல்ல, டிக் வேஷம் போட்ட ü. அவங்க பக்கம் ஃபான்ட் மாறினதும் வேஷம் கலைஞ்சிடுச்சு. ஆல்ட் 10003 அடிங்க, ✓ வரும், அது நிஜம். மெயில்ல சிரிப்பு பொம்மை போட்டு, வாங்கினவங்க ‘எதுக்கு கடைசியில ஒரு ஜே?’ன்னு கேக்குறதும் இதே விங்டிங்ஸ் புண்ணியம். படத்தை நம்பாதீங்க.

கே: ரிக்‌ஷான்னு அடிச்சா க்ஷ ஒட்டிக்குது, பிரிச்சுக் காட்டணும்.

க் அடிச்சதும் ஆல்ட் 8204 அடிச்சுட்டு ஷ அடிங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து நடுவுல போய் நிக்கும், ரெண்டையும் ஒட்ட விடாது. தெரியாதுங்கிறதால அங்க இருக்கிறதையே மறந்துட்டு அப்புறம் தேடினா கிடைக்கலன்னு என்கிட்ட வராதீங்க.

கே: ரூ. ஒரு வரியிலயும் 5,000 அடுத்த வரியிலயும் போய் விழுது.

நடுவுல சும்மா ஸ்பேஸ் போடாம கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூணும் சேர்த்து அமுக்குங்க. பிரியாது.

கே: தண்ணியோட ஃபார்முலாவுல 2 கீழ இறங்கணும், சதுர மீட்டர்ல 2 மேல ஏறணும்.

கீழ இறக்க கண்ட்ரோலும் சமக்குறியும். மேல ஏத்த அதோட ஷிஃப்ட்டும். சதுர மீட்டருக்கு ஆல்ட் 0178 அடிச்சா ² ரெடியாவே வரும், 0179 அடிச்சா ³.