வண்டி சூடானதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு

காலையில் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு இல்லை, இருபது நிமிஷம் ஓடியதும் எரிகிறது, ஸ்கேனரில் பம்ப் மோட்டார் சர்க்யூட் கோளாறு, மெக்கானிக் முழு ஏபிஎஸ் யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீங்க சார்.

சூட்டில் வந்து குளிரில் போகும் கோளாறு என்றால் என் சந்தேகம் யூனிட்டின் மின்னணு போர்டில் விட்டுப்போன ஈயப்பற்று மேல்தான். ஆனாலும் முதலில் ஃபியூஸையும் எர்த் வயரையும் பாருங்கள்; எர்த் முனையில் பச்சை பூத்திருந்தாலும் ஸ்கேனரில் இதே கோளாறு வரலாம். பிறகு மோட்டார் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட வயரில் 12 வோல்ட் ஒரு நொடி கொடுங்கள். 'கிர்'ரென்று சுற்றினால் பழுது பெரும்பாலும் போர்டில்தான்.

பல கார்களில் பிரேக் பைப்பைத் தொடாமலே போர்டுப் பெட்டியை மட்டும் கழற்றலாம். பேட்டரி வயரை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். மூடியைத் திறந்து லென்ஸில் பார்த்தால், ஈயம் வைத்த பின்னை (உலோகக் காலை) சுற்றி முடி போல ஒரு வட்ட விரிசல் தெரியலாம். அங்கே மறுபடி ஈயம் வைத்தால் சரி. உள்ளே மெல்லிய அலுமினியக் கம்பி விட்டிருந்தால் நம்ம சால்டரிங் அயர்ன் உதவாது. ஈசியூ (வண்டியின் கணினிப் பெட்டி) ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். பழைய யூனிட் வாங்கிப் போட்டால், அதை உங்கள் வண்டிக்கு ஏற்ப புரோகிராம் செய்யும் கோடிங் தலைவலி வேறு.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடலாம்.